முதலாளி இல்லாத கணக்கு

மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் கம்பெனியின் அலுவலகம் வந்த நாளிலிருந்து கடையத்துக்காரர்களாகிய எங்களுக்குக் கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு தெனாவட்டு. அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் உள்ள உறவு, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனாலும் 2025 செப்டம்பர் கடைசியில் நாடே ஸோஹோவின் அரட்டை என்ற செய்திச் செயலியை இறக்கிக்கொண்டபோது, அதை நானே எழுதிக்கொடுத்த தோரணையில் டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு ஒன்று சொன்னார். செய்திச் செயலிகள் வாட்ஸ்அப் மாதிரி மூடிக் கிடக்கக் கூடாது. யுபிஐ, மின்னஞ்சல்போல ஒன்றோடொன்று பேச வேண்டும். அதற்கான நெறிமுறையை, அதாவது புரோட்டோகாலை, பொதுவில் வெளியிட வேண்டும் என்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டில் சொல் எடுபடாதவனுக்கு, எல்லாச் செயலியும் எல்லாச் செயலியின் பேச்சையும் கேட்கும் என்றால் சும்மாவா?

அந்த வேகத்தில் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்கினேன். 2019இல் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, கோபித்துக்கொண்ட இந்தியர்கள் பலர் போய் இறங்கிய இடம் அது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி. ஆக்டிவிட்டிபப் என்ற புரோட்டோகாலில் பேசிக்கொள்ளும். இதை அடுப்படி வாசலில் நின்று விளக்கினேன்.

"முதலாளியே கிடையாதுன்னு பெருமையா சொல்லுதிய. கணக்கு தொலைஞ்சா யார்ட்ட போயி நிப்பிய?" என்றாள் மனைவி.

நெறிமுறை வகுத்த பெரியவர்களுக்கும் இதற்குச் சரியான பதில் இல்லை. கணக்கு சர்வரோடு கட்டப்பட்டிருக்கிறது. பயர்பாக்ஸ் புகழ் மொஸில்லாவே 2024 டிசம்பரில் தன் மாஸ்டடான் சர்வரை மூடிவிட்டது. மூடும் முன் வேறு சர்வருக்குப் போய்விடலாம்தான். பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. வாடகை வீடு மாறும்போது விருந்தாளிகள் மட்டும் லாரியில் ஏறிக்கொண்டு, பீரோ அங்கேயே நின்றுவிடுகிற கதை. என் பதிவுகள் தொலைந்தால் தமிழுக்கு நஷ்டமில்லை என்பது வீட்டுத் தீர்ப்பு.

நித்யகல்யாணி அம்மன் கோவில் கோபுரத்தைப் படம் பிடித்துப் போட்டேன். என் சர்வரில் தெரிந்த லைக்கும் பதிலும், வேறு சர்வரில் இருக்கும் மச்சினனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சர்வரும் தன் காதுக்கு எட்டியதை மட்டும்தான் காட்டும். விட்டுப்போன பதில்களைத் தேடிப்பிடித்து இழுத்துவர இப்போதுதான் புதிய பதிப்புகளில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதுவரை நான் அடைந்த புகழுக்குச் சாட்சி நான் மட்டுமே.

பதிவை அழித்தால், என் சர்வர் மற்ற சர்வர்களிடம் "அழித்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொள்ளும். கேட்பதும் கேளாததும் அவரவர் இஷ்டம். குடும்பத் தலைவனுக்கு இந்த அளவு அதிகாரம் ஏற்கெனவே பழக்கம். தனிச்செய்திகளுக்குப் பூட்டு கிடையாது, நிர்வாகி நினைத்தால் படிக்கலாம் என்கிறார்கள். என் எழுத்தைப் படிக்க ஓர் ஆளாவது இருக்கிறாரே! ஒரு நிர்வாகிக்கு இன்னொரு சர்வர் பிடிக்காவிட்டால் மொத்தமாகத் துண்டித்துவிடலாம். பாரதி 1918 முதல் 1920 வரை இருந்தபோது அவரை ஒதுக்கிவைத்த ஊர்க்காரனுக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இத்தனைக்கும் ஒரே மருந்து, வீட்டிலேயே சொந்தமாக ஒரு சர்வர் வைப்பது என்றான் மகன். மின்சாரக் கட்டணம் நம்முடையது. ஊரார் போடும் படங்களின் நகல்கள் நம் டிஸ்க்கை அடைக்கும். அதை அவ்வப்போது துடைக்க வேண்டும். வம்பு பேசுபவர்களை விலக்க வேண்டும், ராத்திரி நின்றுபோனால் எழுந்து கிளப்ப வேண்டும். பட்டியலைக் கேட்ட மனைவி, இதெல்லாம் கடைசியில் யார் தலையில் விழும் என்று தனக்குத் தெரியும் என்றும், ஆகவே நிர்வாகி தானே என்றும், பாஸ்வேர்டு தன்னிடம்தான் இருக்கும் என்றும், முதலில் யாரைத் துண்டிப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது என்றும் சொன்னாள்.