எடைக்குப் போகாத வண்டி

புர்னோ, செக் குடியரசு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

அங்கே உங்கள் சர்க்கரையும் பெரியம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள். பெரியம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அப்புறம் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். வண்டி வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னதும் பெரியம்மா கேட்டது, "என்ன கலர்ப்பா?" சிவப்பு என்றேன். சந்தோஷப்பட்டார்கள். சக்கரம் எத்தனை என்று கேட்கவில்லை; நானாகச் சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஜாவா, பெரியப்பா! 1958 மாடல், 250 சிசி, அசல் மெரூன் சிவப்பு. ஓசூரில் உங்களிடம் இருந்த எஸ்டிக்கு இது தாத்தா முறை. எஸ்டியைச் செய்த, மைசூரில் 1961-இல் ஆரம்பித்து 1996-இல் மூடிய ஃபாக்டரியின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய செய்தி வந்த வாரம் நீங்கள் சவரம் செய்துகொள்ளவில்லை என்று பெரியம்மா இன்றும் சொல்வார்கள். ஜாவாவின் பிறந்த வீடுதான் இந்த நாடு. யானெசெக் என்று ஒரு ஆயுத வியாபாரி. சண்டை முடிந்து துப்பாக்கிக்குக் கிராக்கி குறைந்ததும், 1929-இல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியிடம் மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயரிலும் தலையை மட்டும் வெட்டி ஒட்டியதுதான் ஜாவா. கையெறி குண்டு செய்தவர் ஆரம்பித்த கம்பெனி என்று தெரிந்தபோது, விடியற்காலையில் உங்கள் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழையும் சத்தம் ஏனோ ஞாபகம் வந்தது.

வாங்கியது தெற்கே திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் ஒரு கிராமத்தில். வைக்கோல் கொட்டகை. விற்றவருக்குத் தொண்ணூறு வயதிருக்கும். வண்டியின் சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அது எழுந்திருக்கும் வரை மூன்று பேரும் மரியாதையாகக் காத்திருந்தோம். மூன்றாவது ஆள், எனக்கு முன்னாலேயே வந்து நின்ற ஒரு பையன். காதில் கடுக்கன், கையில் புது ஹெல்மெட். அவன் வண்டியை வலதுபக்கம் குனிந்து பார்த்தான், இடதுபக்கம் குனிந்து பார்த்தான். கிக்கரைக் காணோம். கிக்கர் இல்லாத வண்டிக்கு இந்த விலை அதிகம் என்று கிழவரிடம் சொன்னான் போலிருக்கிறது. கிழவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

நான் போய்க் கியர் லிவரை உள்ளே தள்ளி, மேலே திருப்பி நிறுத்தினேன்; அதுவே கிக்கர். அவ்வளவுதான். கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எந்த ஊர் என்றார். இந்தியா, மைசூர்ப் பக்கம் என்றேன். ஓசூர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஜாவா ஆட்களிடம் மைசூருக்கு இருக்கும் மதிப்பு ஓசூருக்கு வராது. பிறகு அந்தக் கிக்கரை உதைத்தேன். எஞ்சின் ஜாம். மலையை உதைத்தது போல் இருந்தது. கடுக்கன் பையன் சிரித்துவிட்டுக் கிளம்பினான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பேரம் மட்டும் படியவில்லை. நம்மூரில் வண்டியைக் குறை சொல்லச் சொல்ல விலை இறங்கும். டயர் வெடித்திருக்கிறது என்றேன். ஆமாம் என்றார். டாங்கில் துரு என்றேன். ஆமாம். ஸ்போக்ஸ் போய்விட்டது, சைலன்சர் அடைத்திருக்கிறது, ஒயரிங்கை எலி கடித்திருக்கிறது. எல்லாம் ஆமாம், எனக்குத் தெரியாத இன்னும் நாலு கோளாறை அவராகவே எடுத்துக் கொடுத்தார். விலை மட்டும் நட்ட கல் மாதிரி நின்றது. காரணம் கடைசியில்தான் தெரிந்தது: ஆர்.சி. புக் மாதிரி ஒரு சின்ன நோட்டு; 1958-இல் மசியில் எழுதி முத்திரை குத்தியது, எழுதப்பட்ட ஒரே பெயர் அவருடையது. சிங்கிள் ஓனர்! நம்மூரில் எல்லா விளம்பரத்திலும் இருக்கும் அந்த ஆளை நான் நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

38,000 கொருனா எண்ணி வைத்தேன். நம்ம காசுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், இனிப்பு சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும். உடனே அவர் வீட்டில் காய்ச்சிய பிளம்ஸ் சாராயத்தை இரண்டு குட்டிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். குடிக்காவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரி இல்லையாம். இந்த நாட்டில் ஒரு சொட்டு உள்ளே போனாலும் வண்டி ஓட்டக் கூடாது. சட்டம் பூஜ்யத்தில் நிற்கிறது. எஞ்சின் ஓடாத வண்டியை ஓட்ட எந்தச் சட்டம் குறுக்கே வரும்? குடித்தேன். பெரியம்மாவுக்கு இந்த வரி வேண்டாம்.

இனிதான் நீங்கள் காத்திருந்த பகுதி. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் வரிசையாகத் தகரக் கதவு போட்ட ஷெட்டுகள் இருக்கின்றன. ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். பிளக் ஓட்டையில் டீசல் ஊற்றி ஊறவைத்து, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஒருவழியாகப் பிஸ்டனை விடுவித்தேன். கிராங்க் ஆயில் சீல் இரண்டும் காய்ந்து அப்பளம். அதை மாற்றாமல் ஓட்டினால் கியர் பெட்டி எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடித்துப் புகையாகக் கக்கும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்ததால், கையோடு பிரித்துவிட்டேன். சாமான் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. சீல், ரிங், பாயின்ட், ரப்பர் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பழைய ஜிகோவ் கார்புரேட்டருக்கு ஜெட் கேட்டேன். கடைக்காரர் எந்த அளவு என்று மட்டும்தான் கேட்டார்.

சைலன்சரில்தான் மானம் போகப் பார்த்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், இரண்டிலும் கரி. உங்கள் வழிமுறைப்படி கழற்றி வெளியே வைத்து, பழைய எண்ணெயை உள்ளே ஊற்றி, தீப்பெட்டியை எடுத்தேன். பக்கத்து ஷெட்டில் ரிட்டயரான டிராம் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஓடும் டிராமை நிறுத்துகிற வேகத்தில் வந்தார். நம் தெருவில் நீங்கள் சைலன்சர் கொளுத்தும் நாளில் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். இங்கே கொளுத்தினால் முதலில் வேடிக்கை பார்க்க வருவது தீயணைப்பு வண்டி. அவர் வாலில் இருக்கும் நட்டைக் கழற்றி உள்குழாயை உருவினார், ஒரு வாளியில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தார், முக்கினார். மறுநாள் கரி தானாக உதிர்ந்தது. உங்கள் முறையில் வரும் அந்த வாசனை மட்டும் இதில் இல்லை.

எனக்கு வேலை நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தில் பகல் 12 மணிக்கான மணியைக் காலை 11-க்கே அடித்துவிடுவார்கள். 1645-இல் சுவீடன் படை முற்றுகையிட்டதாம். மதியத்துக்குள் ஊர் விழாவிட்டால் திரும்பிவிடுவதாகத் தளபதி சொல்லியிருந்தானாம். ஊரார் ஒரு மணி நேரம் முன்னதாக மணியை அடித்து அவனை அனுப்பிவைத்தார்களாம். கதையோ நிஜமோ, சனிக்கிழமைகளில் எனக்கு ஷெட்டில் மதியம் வரைதான் அனுமதி. உங்கள் மருமகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தேவாலய மணியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறாள். சுவீடன்காரன் ஏமாந்த ஒரு மணி நேரத்தை நான் வாராவாரம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஸ்டார்ட் ஆனது. பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 40 மில்லி எண்ணெய் அளந்து கலந்தபோது, டீசல் பக்கம் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, தன் தாத்தாவிடம் இதே வண்டி இருந்தது என்றார். இந்த நாட்டில் எல்லாத் தாத்தாவிடமும் இதே வண்டி இருந்திருக்கிறது. ஷெட்டுக்குத் திரும்பி உதைத்ததும் புகை ஷெட் வரிசையை மறைத்தது. மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டிருந்த பெண்மணி ஜன்னலைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று கிளட்சைப் பிடித்தேன். "யாவாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பட்டப்பகலிலும் இங்கே ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். 6 வோல்ட்டில் அது எரிகிறதா என்று முன்னால் போய்க் கையால் மறைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. பழைய வண்டிக்கென்று பச்சை எழுத்தில் ஒரு நம்பர் பிளேட் தருகிறார்கள். அதற்கு ஒரு கிளப்பின் கமிட்டி வந்து வண்டியைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்க வருகிற மாதிரி, வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தேதி வைக்கவில்லை. லைசென்ஸ் கதை தனி, அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எஸ்டியை எடைக்குப் போட்டபோது, டாங்கிலிருந்த எம்பளத்தை மட்டும் கழற்றிப் பெரியம்மாவுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தீர்களே, அது இருக்கிறதா? டிராம் டிரைவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் தூங்கவில்லை. மைசூரில் செய்த எம்பளத்துக்கு ஈடாகப் பெட்டியே பிரிக்காத ஒரு ஹெட்லைட் ரிம் தருவதாகச் சொல்கிறார். அது என் வண்டிக்கு வேண்டும். அனுப்பும்போது பூண்டு ஊறுகாய்ப் பாட்டிலோடு சேர்த்துக் கட்டாதீர்கள். போன பார்சலில் கசிந்த எண்ணெயை அவர் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று கேட்டார்.

அன்புடன்,
உங்கள் ஸ்பேனர் பையன்