சூடு ஆறட்டும் சார்

மே மாத மத்தியானத்தில் நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் முதலில் வந்து சேருவது நம்மவர்தான். எங்கிருந்து வருகிறார் என்று யாரும் பார்த்ததில்லை. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டாண்டைப் போட்டு நிமிர்ந்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். மெக்கானிக்கா என்றால் இல்லை. எப்போதோ ஒரு பட்டறைக்கு எதிரில் குடியிருந்திருக்கலாம். கையில் ஒரு ஸ்பேனர்கூட இருக்காது. சொந்த வாகனம் சைக்கிள்.

"பெட்ரோல் இருக்கா சார்?"

இதுதான் முதல் கேள்வி. காலையில்தான் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன் என்று வண்டிக்காரர் வெடுக்கென்று சொல்வார். "எங்க போட்டீங்க?" பைபாஸ் பங்க்கில். "அங்கயா…" என்று ஓர் இழுப்பு. அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த பங்க் முதலாளியின் மானம் போக அந்த இழுப்பே போதும்.

பஞ்சர், செயின் அறுந்தது, பேட்டரி இறங்கியது போன்ற அற்ப வியாதிகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சூடானால் நிற்கும் வண்டிதான் அவருக்கு உயிர். அது காலையில் ஒரே உதையில் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். இன்ஜின் கொதித்ததும் இரண்டு திணறல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். உதைத்து உதைத்து முழங்கால் கழன்றாலும் உயிர் வராது. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். வைத்தியம் பார்த்தாலும் கிளம்பும், பார்க்காவிட்டாலும் கிளம்பும். நம்மவரின் புகழ் மொத்தமும் இந்த அரைமணியில் கட்டியதுதான்.

அதை அவர் நிரப்புகிற அழகே தனி. பஞ்சர் கடையில் பிளக் ஸ்பேனர் கடன் வாங்கி வரவே ஐந்து நிமிடம் ஆகும். பிளக்கைக் கழற்றி, கைலி நுனியால் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்ப்பார். முனை கறுத்திருந்தால் "கரி அடைச்சிருக்கு." வெளுத்திருந்தால் "காத்து இழுக்குது." காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் அவர் முகம் வாடிவிடும். ஏனென்றால் பிளக் இருக்கவேண்டிய நிறம் அது. ஆனாலும் விடமாட்டார். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் நாலு தேய் தேய்த்து, வயரில் மாட்டி, இன்ஜின்மேல் சாய்த்துப் பிடித்து, "உதைங்க சார்" என்பார். உச்சி வெயிலில் பொறி எங்கே தெரியும்? தோளில் கிடக்கும் துண்டைக் கூடாரம்போல் தலைமேல் போட்டுக்கொண்டு உள்ளே குனிவார். இரண்டாவது உதையில் துண்டு துள்ளும். கையை உதறிக்கொண்டே வெளியே வந்து, "கரண்டு நல்லாத்தான் வருது" என்பார்.

பிறகு பெட்ரோல் டியூபைப் பிடுங்கி வாயால் ஊதுவார், உறிஞ்சுவார், துப்புவார். டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்ப்பார். சில வண்டிகளில் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று சத்தம் கேட்கும். உண்மையான வியாதி அங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்காக மூடியில் விட்ட சின்ன ஓட்டை தூசி அடைத்துக்கொண்டால், கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. பார்வைக்கு மட்டும் ஒன்றுபோலவே இருக்கும். நம்மவர் தன்னையறியாமல் வியாதியைத் தீர்த்துவிட்டு, மூடியை மறுபடி இறுக்கி, பழியைக் கார்பரேட்டர்மேல் போட்டுவிடுவார்.

அவர் செய்தது அப்படியே சரியாக இருந்த ஒரு பொற்காலமும் உண்டு. பெட்ரோல் அம்பாசடர் காலம் அது. அதன் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் டிக்கிப் பக்கம் இருக்கும் டேங்கிலிருந்து அதுதான் உறிஞ்சியாகவேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக முனகிக்கொண்டு ஏறினால், பம்ப்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. நம்மவர் பானெட்டைத் தூக்கி, பம்ப்மேல் ஈரத்துணியைச் சுற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார். கார் கிளம்பும். பெரிய பொறியாளர் வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது கம்பெனிக்காரர்களைவிட அதிகம் நொந்தவர் இவராகத்தான் இருக்கவேண்டும். இப்போதைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது. துணி சுற்ற இடமில்லை.

வண்டி கிளம்பியதும் பட்டறைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. போய்ச் சேர்ந்து, நம்முடைய முறை வருவதற்குள் இன்ஜின் சில்லென்று ஆகியிருக்கும். டாக்டர் வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி, ஒரே உதையில் சமர்த்தாக ஓடும். "நல்லாத்தானே சார் இருக்கு?" என்பார் மெக்கானிக். நல்ல மெக்கானிக்காக இருந்தால் இன்னொன்றும் சொல்வார்: "அடுத்த தடவை நின்னா, ஆற விடாதீங்க. சூட்டோட பாருங்க. பிளக்ல பொறி வருதா, கார்பரேட்டருக்கு பெட்ரோல் வருதா? ரெண்டே கேள்விதான்." பொறி வராவிட்டால் சந்தேகம் காயில்மேலோ, பொறி விடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் சி.டி.ஐ. பெட்டிமேலோ போகும். காயிலுக்குள் தலைமுடிபோல் மெல்லிய செம்புக்கம்பி எங்காவது விட்டிருக்கும். சூட்டில் விரிந்து பிரியும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். பொறியும் வந்து பெட்ரோலும் வந்தால் வால்வு இடைவெளியைப் பார்க்கவேண்டும். இடைவெளி குறைந்துபோயிருந்தால், சூடேறியதும் வால்வு முழுசாக மூடாது. கிக்கர் பொதபொதவென்று இறங்கும். இத்தனை தடயமும் இருப்பது அந்தச் சூட்டில்தான். அதைத்தான் நம்மவர் துண்டால் விசிறி விசிறி அழித்துவிடுகிறார்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்து, பெரும்பாலான புது பைக்குகளில் கார்பரேட்டர் காணாமல் போனபோது அவர் கொஞ்சநாள் தலைகாட்டவில்லை. ஊதுவதற்கு டியூப் இல்லை, திருகுவதற்குத் திருகாணி இல்லை. ஆனால் கலைஞன் சும்மா இருப்பானா? ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். "சென்சார் போயிருக்கும் சார்." எந்த சென்சார் என்று கேட்பது மரியாதை இல்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சில நேரம் அதுதான் உண்மை. கிராங்க் சுற்றுவதைப் பார்த்துச் சொல்லும் சென்சார், சூடானால் மயங்கிவிடும். எந்த நேரத்தில் பொறி விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் வண்டி நின்றுவிடும்.

காசு மட்டும் கையால் தொடமாட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு டீ, மிஞ்சிப்போனால் ஒரு வடை.

மெக்கானிக் காயிலை மாற்றி வண்டி சரியான பிறகு, அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரர் மனசு கேட்காமல் நிறுத்தி விஷயத்தைச் சொல்வார். நம்மவர் முகத்தில் துளி ஆச்சரியம் இருக்காது. பிளக், ஃபில்டர், கார்பரேட்டர், காயில், வால்வு, வயர் என்று அன்றைக்கே ஒன்று பாக்கியில்லாமல் சொல்லி வைத்தவர் ஆயிற்றே.

"காயில்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல சார்? நீங்கதான் காதுல வாங்கல. மாஸ்டர், ரெண்டு டீ போடுங்க. சார் காசு குடுத்துடுவாரு."