கடைப்பத்தியல்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

நூற்றுள் நுழைந்து நூற்றயல் நின்று
மேற்செல வறியாப் பாட்டெலாம் தொகுப்பின்
கடைப்பத் தென்மனார் கணக்கறி புலவர்.

இந்நூற்பாவை இயற்றியவர் இக்கட்டுரையாளரே. இத்துறையில் முன்னூல் எதுவும் கிடைக்காமையால் நூலையும் உரையையும் ஒருவரே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. உரை வருமாறு: அமெரிக்காவில் பில்போர்ட் என்னும் இசை வணிக இதழ், 1958 ஆகஸ்ட் 4 முதல் ‘ஹாட் 100’ என்றொரு பாட்டு வரிசையை வாரந்தோறும் வெளியிட்டு வருகிறது. அதில் 91 முதல் 100 வரையுள்ள இடங்களுள் ஒன்றையே தன் வாழ்நாள் உச்சமாகக் கொண்ட பாட்டு ‘கடைப்பத்து’ எனப்படும். ‘நூற்றுள் நுழைந்து’ என்றதனால் நுழையாதவை விலக்கப்பட்டன. ‘மேற்செல வறியா’ என்றதனால், 95இல் தொடங்கி முதலிடம் வரை போனவையும் விலக்கப்பட்டன. அவை அவ்வழியே போனவை. அங்கே வாழ்ந்தவை அல்ல.

நுழையாதவற்றையும் இதழ் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 1959 முதல் ‘பப்ளிங் அண்டர்’ என்ற தலைப்பில் நூறுக்கு அப்பால் நின்றவற்றை வரிசைப்படுத்தியது. ரயிலில் ஊருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு விளக்கம் எளிது. பப்ளிங் அண்டர் வெயிட்டிங் லிஸ்ட், கடைப்பத்து ஆர்.ஏ.சி. பெட்டியில் ஏறலாம், உட்காரலாம், காலை நீட்ட முடியாது.

இனி முன்னோர் ஆய்வு. முதலிடம் பெற்ற பாட்டுகளைப் பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் ஆராய என்ன இருக்கிறது? எல்லோருக்கும் பிடித்தது, எல்லோரும் வாங்கினார்கள். ஆய்வு ஒரு வரியில் முடிந்தது. 98ஆம் இடம் அப்படிப்பட்டதன்று. ஒரு பாட்டை ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆயினும் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டிருக்கக் கூடாது. அதற்குத் தேவையான நுட்பம் முதலிடத்துக்குத் தேவையில்லை.

1970 ஜூலை 4 அன்று கேஸி கேஸம் ‘அமெரிக்கன் டாப் 40’ என்ற வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கினார். வாராவாரம் நாற்பதிலிருந்து ஒன்று வரை எண்ணுவார். 41 முதல் 100 வரையுள்ள அறுபது பாட்டுகள் நாட்டில் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. இத்துறைக்கு இழைக்கப்பட்ட முதல் அநீதி இதுவே. பரிகாரமும் அதே ஆண்டில் பிறந்தது. விஸ்கான்சின் மாநிலத்து மெனோமனி ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் ஜோயல் விட்பர்ன் என்பவர், ஒவ்வொரு பாட்டும் வரிசையில் நுழைந்த நாள், எட்டிய உச்சம், இருந்த வாரங்கள் ஆகியவற்றைத் தொகுத்து நூலாக்கத் தொடங்கினார். வரிசையில் வந்த இசைத்தட்டுகளையெல்லாம் வாங்கியும் சேர்த்தார். அவர் நூலில் நூறாம் இடத்துக்கும் ஒரு வரி உண்டு. 2022இல் அவர் மறைந்தபோது இத்துறை தன் மூலவரை இழந்தது. துறை அப்போது தொடங்கப்படவில்லை என்பது வேறு செய்தி.

தடை: 97ஆம் இடம் பெற்ற பாட்டின் தரம் 97ஆம் தரம்தானே? அதை ஏன் ஆராய வேண்டும்?

விடை: அற்றன்று. 1991 நவம்பர் வரை இந்த வரிசை எப்படிப் போடப்பட்டது? இதழ் அலுவலகத்தார் இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைப்பர். வானொலி நிலையங்களின் பட்டியல்களையும் கேட்டு வாங்குவர். கடைக்காரர் எதெது நன்றாகப் போகிறது என்று வரிசையாகச் சொல்வார். முதல் பத்தை யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். கீழே இறங்க இறங்க அவர் அலமாரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே கொஞ்சம் ஞாபகம், கொஞ்சம் ஊகம், விற்காமல் தேங்கிய பெட்டியின் மேல் கொஞ்சம் அக்கறை எல்லாம் கலக்கும். ஆகவே கடைப்பத்து அளப்பது பாட்டையன்று. பாட்டு எந்த வாசலுக்கு வந்தது, அந்த வாசலில் அன்று யார் உட்கார்ந்திருந்தார் என்பதையே அது அளக்கிறது. இக்கட்டுரையின் கோட்பாடு இது ஒன்றுதான். மற்றவை சான்றுகள்.

சான்றுகளில் எமக்கு உவப்பானவற்றுள் முதலாவது ‘ரிவர் டீப், மவுண்டன் ஹை’, 1966. இதன் உச்சம் 88. அது எப்படிக் கடைப்பத்தாகும் என்று கேட்கும் மாணாக்கருக்குப் புறனடை: கட்டுரையாளருக்கு உயிரான பாட்டாயின் மூன்று இடம் வரை தள்ளுபடி உண்டு. ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் லாஸ் ஏஞ்சலஸில் கோல்டு ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர்களைக் கும்பலாக நிறுத்தி, 20,000 டாலருக்கு மேல் என்று சொல்லப்படும் தொகையை இந்த ஒரு பாட்டில் கொட்டினார். டீனா டர்னரைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். கேட்டால், ஒரு பெண் குரல் ஒரு நகரத்தையே எதிர்த்து நின்று பாடுவது போல இருக்கும், குரல்தான் வெல்கிறது. தட்டின் மேல் ‘ஐக் அண்ட் டீனா டர்னர்’ என்று அச்சிட்டிருந்தாலும் பதிவில் கணவர் ஐக் கிடையாது. அவரை அந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஏற்பாட்டின் பகுதி.

இங்கிலாந்தில் பாட்டு மூன்றாம் இடம் போயிற்று. சொந்த நாட்டில் 88. காரணத்தை டீனாவே பின்னாளில் விளக்கியிருக்கிறார். கறுப்பர் வானொலிக்கு இது பாப் பாட்டாகப் பட்டது. வெள்ளையர் வானொலிக்குக் கறுப்பர் பாட்டாகப் பட்டது. இரண்டு வாசல், இரண்டு காவல். ஒவ்வொருவரும் மற்றவர் வாசலைக் கைகாட்டினார்கள். மனம் நொந்த ஸ்பெக்டர் சில காலம் தொழிலைவிட்டே ஒதுங்கினார். 1999இல் இப்பாட்டு கிராமி ‘ஹால் ஆஃப் ஃபேம்’ மரியாதையைப் பெற்றது. மரியாதை எப்போதும் தாமதமாக வருவது ஏன் என்பது வேறொரு துறைக்கு உரியது.

அடுத்து 93ஆம் இடம். கடைப்பத்தில் இதைவிட மதிப்பான இடம் வேறில்லை என்பது எம் துணிபு. 1965இல் லண்டனின் ‘தி ஹூ’ குழுவின் ‘ஐ காண்ட் எக்ஸ்ப்ளெய்ன்’ அமெரிக்காவில் எட்டிய உச்சம் 93. அதே ஆண்டில், பெல்ஃபாஸ்ட் நகரத்து ‘தெம்’ குழுவில் வான் மாரிசன் எழுதிப் பாடிய ‘குளோரியா’வும் 93 வரை வந்து நின்றது. அதில் ஓர் அடி படுக்கையறைப் பக்கம் கொஞ்சம் நெருங்கிப் போகிறதென்று சிகாகோ வானொலி முகம் சுளித்தது. சிகாகோப் பக்கத்து இளைஞர் குழுவான ‘ஷேடோஸ் ஆஃப் நைட்’ அந்த அடியை மட்டும் மாற்றிப் பாடி 1966இல் பத்தாம் இடத்தைப் பிடித்தது. ஓரடிக்கு விலை எண்பத்து மூன்று இடங்கள். யாப்பிலக்கண ஆசிரியர் எவரும் ஓரடிக்கு இத்தனை மதிப்புப் போட்டதில்லை. அந்த ஆண்டு மூலப் பாட்டும் மறுபடி நுழைந்து 71 வரை ஏறிவிட்டபடியால், ‘குளோரியா’வைக் கடைப்பத்திலிருந்து நீக்க வேண்டியவர்களாகிறோம். பதவி உயர்வால் தகுதி இழப்பது இத்துறையில் மட்டுமே நடக்கும்.

டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘சைக்கோ கில்லர்’ 1978இல் 92. ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டின் மேடைப் பதிவு 1986இல் 91. அதே 1986இல் ‘தி க்யூர்’ குழுவின் ‘இன் பிட்வீன் டேஸ்’ 99ஆம் இடத்தைத் தொட்டது. அக்குழு அமெரிக்காவின் நூறுக்குள் கால் வைத்தது அதுவே முதல் முறை. மூன்றே ஆண்டில் ‘லவ்சாங்’ பாட்டுடன் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார்கள். போனது அவர்கள் இஷ்டம். நாம் 99இலேயே நிற்கிறோம். அந்தக் கிதார் ஓட்டத்துக்குமுன் பின்னாளைய வெற்றிகள் சற்று உறங்கிவழிகின்றன. நியூ ஆர்டர் குழுவின் ‘பிஸார் லவ் ட்ரையாங்கிள்’ 1986இல் நுழையவேயில்லை. புது மெருகு பூசி மீண்டும் வந்து 1995இல் 98ஆம் இடம் பெற்றது. ஒன்பது ஆண்டுத் தவத்துக்கு 98. வரம் கொடுத்தவர் கைச்சிக்கனம் பாராட்டத்தக்கது.

பீட்டில்ஸ் குழுவினருக்குக் கடைப்பத்தில் என்ன வேலை என்று கேட்பவர் 1963ஐ மறந்தவர். அவ்வாண்டு ‘ஃப்ரம் மி டு யூ’ இங்கிலாந்தில் முதலிடம் பெற்று, அமெரிக்காவில் நூறுக்குள்ளேயே வரவில்லை. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர்களோடு மேடையேறிய அமெரிக்கப் பாடகர் டெல் ஷானன் அதே பாட்டைத் தாமே பாடி, தம் நாட்டில் 77 வரை ஏற்றினார். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாட்டு அமெரிக்க வரிசையில் முதன்முதலாக நுழைந்தது வேறொருவர் தொண்டையில்.

அடுத்த ஆண்டே காட்சி தலைகீழ். 1964 ஏப்ரல் 4 இதழில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸ் கையில். கடைகள் அவர்கள் பெயர் அச்சிட்ட எதையும் விற்கும் நிலை. அவ்வாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானியர் ஜெர்மன் மொழியில் பாடினால்தான் வாங்குவார்கள் என்று இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஜெர்மன் கிளை பிடிவாதம் பிடிக்க, பாரிஸில் ‘ஷி லவ்ஸ் யூ’வை அவர்கள் ஜெர்மனில் பாடிக் கொடுத்திருந்தார்கள். ‘ஸீ லீப்ட் டிஷ்’ என்ற அத்தட்டை ஸ்வான் என்ற சிறு நிறுவனம் அமெரிக்காவிலேயே வெளியிட்டது. ஆங்கில மூலம் சில மாதங்களுக்கு முன் முதலிடம் பெற்ற நாட்டில் அதே பாட்டின் ஜெர்மன் வடிவம் 97ஆம் இடம் பிடித்தது. வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பதை எந்தப் பொருளியலும் விளக்காது. கடைப்பத்தில் நாம் மிகவும் ரசிக்கும் இடம் இந்த 97. பாட்டு என்னவோ சுமார்தான். உச்சரிப்பு கடன் வாங்கிய சட்டை.

இனி உவப்பற்றவை. 93ஆம் இடத்தின் மதிப்பைச் சொன்னோம். 1967இல் அங்கே ஒரு தொல்லை குடிவந்தது. அவ்வாண்டு இறுதியில் மிச்சிகன் மாநிலத்துச் செய்தி வாசிப்பாளர் விக்டர் லண்ட்பர்க், தம் பதின்வயது மகனுக்கு எழுதிய திறந்த கடிதத்தை, பின்னால் தேசபக்தி இசை முழங்க, வாசித்தே தட்டாக்கினார். தலைமுடி, கடவுள், வியட்நாம் போர் என்று போய், படைக்கு அழைக்கும் அட்டையை எரித்தால் நீ என் மகனல்ல என்று முடியும். அது பத்தாம் இடம் வரை போனது. உடனே பதில் தட்டுகள் கிளம்பின. அவற்றுள் ‘எவ்ரி ஃபாதர்ஸ் டீனேஜ் சன்’ என்ற பெயரில் வந்த ‘எ லெட்டர் டு டாட்’ 93இல் நின்றது. தந்தைக்குப் பத்து, மகனுக்குத் தொண்ணூற்று மூன்று. அக்கால வீடுகளில் யார் பேச்சு எடுபட்டது, தட்டு வாங்கும் காசு யார் சட்டைப்பையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மகன் பக்கம் நியாயம் இருந்தது, பாட்டு இருக்கவில்லை. தந்தையுடையதும் பாட்டன்று என்பதால் இருவரையும் ஒரே வகுப்பில் வைத்துக் கதவைச் சாத்துகிறோம்.

திருமதி மில்லர் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எல்வா மில்லர், ஐம்பது வயது கடந்த இல்லத்தரசி. 1966இல் கேபிட்டல் நிறுவனம் அவரைப் பாடவைத்து வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கே ‘திருமதி மில்லரின் மாபெரும் வெற்றிகள்’ என்று பெயர் வைத்தது. ‘டவுன்டவுன்’ 82 வரை போனதால் நம் எல்லைக்கு வெளியே. தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘எ லவர்ஸ் கான்சர்ட்டோ’ 95. இது நம் சொத்து. சுருதியும் தாளமும் தனித்தனி வீட்டில் குடியிருக்கும் பாட்டு. வாயில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு சீழ்க்கையடிப்பது அவர் கைவண்ணம். தம்மை வேண்டுமென்றே தாளம் தப்பப் பாடவைத்து, அதிலும் மோசமான பதிவையே தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் பின்னாளில் குறைப்பட்டார். ஆகவே உவப்பின்மையைத் தயாரித்தவர்களுக்கே உரித்தாக்குகிறோம். அம்மையார் மெய்யாகவே பாடினார். கேலி கண்ணாடி அறைக்கு அப்பால் இருந்தது.

‘க்ளீ’ என்ற தொலைக்காட்சித் தொடரின் குழுவினருக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவைப் பற்றிய தொடர். வாரம் ஒரு நிகழ்ச்சி, நிகழ்ச்சிக்குச் சில பழைய பாட்டுகள், உடனே இணையப் பதிவிறக்கம். 2009 முதல் அவர்கள் பெயரில் ஹாட் 100இல் நுழைந்த பாட்டுகள் 207. 2011இலேயே எல்விஸ் பிரெஸ்லியின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். பெரும்பாலானவை இருந்தது ஒரே ஒரு வாரம். வாசலில் யாரும் உட்காராத காலத்துப் பிறவிகள் இவை. உள்ளே வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கடைசியாகத் துறையின் உள்நோய் ஒன்று. கடையில் தனித் தட்டாக விற்காத பாட்டுக்கு 1998 டிசம்பர் வரை வரிசையில் இடமில்லை. அதனால் ‘நோ டவுட்’ குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’, வானொலி வரிசையில் பதினாறு வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் நுழையவே இல்லை. மரையா கேரியின் 1994 கிறிஸ்துமஸ் பாட்டும் அதே விதியில் சிக்கி, விதி தளர்ந்தபின் 2000 ஜனவரியில் 83ஆம் இடத்தில் தலைகாட்டிப் போயிற்று. ஒழிந்தது என்று ஏட்டில் குறித்துக்கொண்டோம். 2019 டிசம்பரில் அது முதலிடத்துக்கு வந்தது. ‘மேற்செல வறியா’ என்று எந்தப் பாட்டையும் பார்த்து இனி அடித்துச் சொல்ல முடியாத நிலை.

அதைவிடப் பெரிய சங்கடம் 2024இல் நேர்ந்தது. டெய்லர் ஸ்விஃப்ட் ஓர் ஆல்பம் வெளியிட, அதிலிருந்த 31 பாட்டுகளும் ஒரே வாரத்தில் ஹாட் 100இல் ஏறின. முப்பத்தொன்று உள்ளே வந்தால் முப்பத்தொன்று வெளியே போக வேண்டும். கடைப்பத்தின் வாசலில் பல மாதம் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தவை, அன்று நூறுக்கு அப்பால் தள்ளப்பட்டன. அவற்றின் பெயர்களைத் தொகுத்து, எவற்றுக்கெல்லாம் 96, 98 என்று நியாயமாக வழங்கியிருக்க வேண்டும் என நிறுவும் பணி மீதமிருக்கிறது. முன்வரும் மாணாக்கருக்கு உதவித்தொகை இல்லை. மேற்பார்வை தாராளமாக உண்டு.