அஞ்சேகாலே அரைக்கால்

தேவிகாபுரத்துக் கல்யாணங்களில் மணப்பெண்ணைவிடப் புடவைக்குத்தான் பரீட்சை கடினம். பந்தியில் உட்கார்ந்திருக்கும் கிழவி எட்டி முந்தியைப் பிடித்து, உட்பக்கம் திருப்பி, கோர்வை எப்படி விழுந்திருக்கிறது, ஜரிகை எங்கே அறுந்து தொங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் "நல்லா இரு" என்பாள். பட்டு நெய்கிற ஊரில் முன்பக்கத்தை யாரும் நம்புவதில்லை. இந்தப் புத்தி வண்டிப் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கும் ஒருவர் இருக்கிறார். இப்படிப்பட்டவர் பெரும்பாலும் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊர்க்காரரை ஜீப்புக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

மொய் எழுதுகிற இடத்தில் அவரைத் தேட வேண்டாம். மண்டபத்துக்கு வெளியே, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கிய பழைய மஹிந்திரா ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். டிரைவர் பதறி ஓடிவந்து "யாருணா அது?" என்றால் உள்ளேயிருந்து பதில் வரும்: "ஒண்ணுமில்ல தம்பி. உன் வண்டியில பின் ஆக்சிலை எவனோ மாத்தியிருக்கான். ஓனருக்குத் தெரியுமா?" ஓனருக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்காது. நம்மவர் வெள்ளை வேட்டியில் கிரீஸோடு எழுந்து, இலையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்குவார்.

பங்குனி உத்திரத்தில் பெரியநாயகி அம்மன் தேர் புறப்படும்போது ஊரே அண்ணாந்து அம்மனைப் பார்க்கும். இவர் மட்டும் குனிந்து தேர்ச்சக்கரத்தின் நடுவைப் பார்ப்பார். "இவ்வளவு வெயிட்டு, ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது, ரெண்டுக்கும் சேர்த்து ஒரு முட்டுக்கட்டை. எவன் கண்டுபிடிச்சானோ!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். பக்தி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் பேச்சில் விஷயம் இல்லாமலும் இல்லை. நாம் ஜீப் என்று ஒரே பெயரில் கூப்பிடுவது ஒரே வண்டியல்ல. 1941-லிருந்து 1945 வரை அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேல் யுத்த ஜீப் செய்தார்கள். வில்லிஸ் கம்பெனியால் தனியாகச் சமாளிக்க முடியாமல் ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. யுத்தம் முடிந்து மிச்சம் கிடந்தவை ஏலத்தில் போயின. சுதந்திரத்தையொட்டி மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டத் தொடங்கியது. பிறகு வந்தது சிஜே-3பி. எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் உயர்த்திக் கட்டிய அந்த வண்டியைத்தான் நாம் பி.டி.ஓ. ஜீப்பாகவும் தேர்தல் ஜீப்பாகவும் பார்த்து வளர்ந்தோம். இத்தனை வருஷத்தில் இதன் கால் அதற்கும் அதன் கை இதற்கும் மாறிவிட்டன. எது எது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

ஃபோர்டுக்காரர்கள் தாங்கள் செய்த சாமான்களில், போல்ட்டுத் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தார்கள். ஜீப்புக்காரரின் வலது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். துருவைச் சுரண்டி எஃப் தேடுகிற நகம் அது. ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' மாதிரி இருந்தால் ஃபோர்டு. முகப்பில் ஒன்பது பிளவு இருந்தால் யுத்தகாலம், ஏழு என்றால் பிறகு வந்தது. "இதெல்லாம் மேல்வேஷம். ராத்திரியோட ராத்திரியா வெல்டிங் வச்சு மாத்திடுவான். ஆக்சிலைப் பார்த்தாத்தான் ஜாதகம் தெரியும்" என்பார்.

யுத்த ஜீப்பின் பின் ஆக்சில் ஸ்பைசர் 23. அதில் வண்டியின் எடையைக் குழாய்தான் தாங்கும். உள்ளே ஓடும் ஷாஃப்டுக்குச் சுழற்றுவது மட்டுமே வேலை. ஹப்பில் ஆறு போல்ட்டைக் கழற்றினால், சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவி எடுத்துவிடலாம். சிஜே-3பி-யின் டானா 44 அப்படியல்ல. ஷாஃப்டின் நுனியிலேயே சக்கரம் மாட்டியிருக்கும். நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். நட்டைக் கழற்றினாலும் ஹப் வராது. அதற்குத் தனியாகப் புல்லர் போட்டு, சுத்தியலால் தட்டி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். தெருவில் போகிற வண்டியின் பின்சக்கரத்தில் நட்டு தெரிகிறதா, போல்ட்டு வட்டம் தெரிகிறதா என்று பார்த்தே இவர் வம்சத்தைச் சொல்லிவிடுவார்.

இவ்வளவு தெரிந்தவருக்குச் சொந்த வண்டி இல்லாமல் இருக்குமா? வீட்டு வாசலிலேயே நிற்கிறது. நிற்கிறது என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் நாலு கருங்கல், முன்பக்கம் காற்றில்லாத இரண்டு டயர். ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போவதற்காக வாங்கியது. போளூரிலிருந்து அங்கே பஸ் போகிறது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

வாங்கிய புதிதில் வண்டி ஓடியதாக ஒரு கட்சி உண்டு. பின் வலது ஷாஃப்ட் முறிந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. இந்த வண்டிகளில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துவிடும் டிஃபரென்ஷியல் நட்டநடுவில் இருக்காது. வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் இடது ஷாஃப்ட் நீளம், வலது ஷாஃப்ட் குட்டை. சென்னை புதுப்பேட்டைக்குப் போனார்.

"எந்த சைடு சார்?" என்றார் கடைக்காரர்.

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே ஆயுளெல்லாம் படித்தது! அமெரிக்க மேனுவலில் இருந்த படத்தை மனசில் ஓட்டி, கம்பீரமாக "நீளமான ஷாஃப்ட், டிரைவர் சைடு" என்றார். அமெரிக்காவில் டிரைவர் இடது பக்கம் உட்காருகிறார் என்பது பஸ் திண்டிவனம் தாண்டியபோதுதான் உறைத்தது. கையில் இருந்தது நீள ஷாஃப்ட். அது இப்போது திண்ணையில் கொடிக்கம்பாக இருக்கிறது, துண்டு காய்கிறது.

வேறு ஆளாக இருந்தால் குட்டை ஷாஃப்ட் ஒன்று வாங்கி வேலையை முடித்திருப்பார். இவர் முழு ஆக்சிலையே மாற்றத் தீர்மானித்தார். உருவி எடுக்கிற ஷாஃப்ட் வைத்த யுத்தகால ஆக்சில்தான் வேண்டும். பஞ்சாப் ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். பட்டாளத்தில் கழித்த சாமானையெல்லாம் பூட்டி ஜீப் செய்கிற ஊர். அங்கே போன் போட்டு அவர் பேசும் இந்தியைக் கேட்கத் தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வருவார்கள். 'அச்சா', 'கித்னா', 'ஆக்சில்' மூன்றே சொல். மற்றதெல்லாம் ஆரணித் தமிழ். எதிர்ப்பக்கம் இதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். எப்படியோ பேரம் படிந்து ஆக்சில் லாரியில் வந்து இறங்கியது.

வாசலில் கட்டைமேல் வைத்து, இரண்டு பக்கத்து ஹப்பையும் இரண்டு பையன்கள் ஒரே சமயத்தில் ஒரு முழுச்சுற்று சுற்ற, விசை உள்ளே நுழைகிற பினியன் முனையில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று ஜீப்புக்காரர் எண்ணினார். "நாலு புள்ளி எட்டு... இருடா, இன்னொரு தபா சுத்து."

எதிர்வீட்டுத் தாத்தா கோலூன்றி வந்து நின்றார். ஆயுள் முழுக்கப் பாவு இழை எண்ணிய கண். ஒரே சுற்றுதான் பார்த்தார்.

"நாலேமுக்காலே அரைக்கால்."

மேனுவலைப் புரட்டினால் 4.88. முன் ஆக்சிலையும் ஜாக்கியில் தூக்கி இதே மாதிரி சுற்றச் சொன்னார் தாத்தா. "இது அஞ்சேகாலே அரைக்கால்." மேனுவலில் 5.38.

"உள்ள பல்லு எத்தினிடா?"

"பெரிய பல்சக்கரம் கிரவுன்ல 43, சின்னது பினியன்ல 8. வந்ததுல 39, 8."

"அப்ப எட்டுல ஒண்ணுன்னு பிசிறு இல்லாமத்தானே வரும்? அரைக்கால்னா அரைக்கால்தான். உன் வெள்ளக்காரன் புஸ்தகத்துல கொசுறு போட்டு எழுதியிருக்கான்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாத்தா சொன்னது சரி. 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.375, 39-ஐ வகுத்தால் 4.875.

இனிதான் வம்பு. நாலு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் லீவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். முன்சக்கரம் 100 சுற்று போகும் நேரத்தில் பின்சக்கரம் 110 சுற்று போகப் பார்க்கும். சேற்றில் சறுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் டயர் தேயும், லீவர் இறுகிக்கொண்டு திரும்ப வராது, கடைசியில் ஏதாவது ஒரு பல் போகும்.

"அப்ப நாலு சக்கரத்தையும் போடாம, ரெண்டுலயே ஓட்டுங்களேன்" என்றார் அவர் மனைவி.

"அதுக்கு நான் ஆட்டோ வாங்கியிருக்க மாட்டேனா?"

"சரி, பழைய ஆக்சிலுக்கே அந்தக் குட்டைக் கம்பி ஒண்ணு வாங்கிட்டா?"

இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. மேனுவலைத் திறந்தார். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாகச் செய்தவை, ஒரே எண் பொறித்தவை, பிரித்து வாங்கக் கூடாது, 43-8 ஜோடி ஒன்று அகப்படும்வரை எதையும் தொடக் கூடாது என்று அரைமணி நேரம் விளக்கினார். இந்த மனிதருக்கு ஜமுனாமரத்தூர் போகிற எண்ணமே கிடையாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. தேடுவதில் இருக்கிற சுகம் ஓட்டுவதில் இல்லை.

வண்டி நகராதது அவருக்கு மட்டுமா வசதி? எங்கள் தெருவில் விடியற்காலையில், தறியில் ஏற்றுவதற்கான நீளப் பாவு இழைகளை இழுத்துக் கட்டுவார்கள். முன்பெல்லாம் தெருக்கோடியில் முளை அடிப்பார்கள். சிமெண்ட் சாலை வந்த பிறகு முளை இறங்கவில்லை. எவ்வளவு இழுத்தாலும் அசையாத ஒன்று தேவைப்பட்டது. ஒருநாள் யாரோ பாவுக் கயிற்றை ஜீப்பின் பின் கொக்கியில் மாட்டினார். அன்றிலிருந்து ஊரில் வேறெந்த வண்டியும் அவ்வளவு வேலை செய்ததில்லை.

போன மாதம் டப்வாலியிலிருந்து 43-8 ஜோடி வந்துவிட்டது. செய்தி தெருவில் பரவியதும் சாயந்திரம் நாலைந்து பேர் வந்து திண்ணையோரம் நின்றார்கள்.

"ணா, வண்டி ரெடியாய்டும்னு சொல்றாங்களே?"

"ஆமா. ரெண்டே நாள் வேலை."

"இன்னாணா இது, முகூர்த்த சீசன்ல. ஆடி வரைக்கும் பாவு கீதுணா. அப்புறமா மாட்டிக்கக் கூடாதா?"

ஜீப்புக்காரர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"உங்களுக்காக ஒத்துக்கிறேன். எனக்கும் முன் ஆக்சில்ல ஒரு சந்தேகம் இருக்குது. ஒரு போல்ட்டுல எஃப் மாதிரி ஏதோ தெரியுது. அதை முழுசாக் கழட்டிப் பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."