கேஸ் மாமா

மணவூரில் காரின் பானெட்டைச் சத்தமில்லாமல் திறக்கப் பழகிக்கொள்வது நல்லது. 'டக்' என்று கேட்டால் போதும், கேஸ் மாமா வந்துவிடுவார். டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் வருவார், அரக்கோணம் லோக்கலுக்காக ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாலும் வருவார். ரயில் போனால் அடுத்தது வரும். கூலிங் வராத கார் தினமுமா வரும்?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிவார். குழாய்களில் தடிமனான ஒன்றை இரண்டு விரலால் தொட்டு, நாடி பார்க்கிற தோரணையில் கண்ணை மூடுவார். "கேஸ் கம்மி." ஆந்திரா நம்பர் பிளேட் என்றால், "கேஸ் அயிப்போயிந்தி." பக்கத்திலிருக்கும் திருத்தணி 1960-இல் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது; மாமாவின் தீர்ப்பில் மட்டும் எல்லை இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஊரையும் குறை சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் 'இன்று அதிக வெப்பம்' பட்டியலில் முதலிடம் பிடிக்கத் திருத்தணியும் வேலூரும் முட்டி மோதும். அந்த வெயிலில், பழைய காருக்குள் வேர்த்து வழிகிறவன் யார் எதைச் சொன்னாலும் நம்புவான். போதாக்குறைக்கு, பாதி நேரம் மாமா சொல்வது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். முழுக்கத் தப்பாகச் சொல்கிறவரென்றால் எப்போதோ விரட்டியிருக்கலாம்.

ரிடையராவதற்கு முன் மாமா கணக்கு எழுதியவர். ரொக்கத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் அது போன இடம் தெரியாமல் சாப்பிடப் போகமாட்டாராம். கேஸ் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றுவதேயில்லை. பெட்ரோல் மாதிரி அதுவும் ஓட்ட ஓட்டத் தீரும் என்பது அவர் சித்தாந்தம். ஆனால் ஏ.சி. கேஸ் செலவாகிற சரக்கில்லை. இப்போது கார்களில் பரவலாக இருக்கிற 134ஏ, வெளியே திறந்துவிட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலிங் காயிலுக்குள் அது கொதிக்கும்போது காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரெசர் அமுக்கி முன்பக்கத்துக் கண்டென்சருக்குத் தள்ளினால், அங்கே சூட்டை வெளியே விட்டுத் திரவமாகி, ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகப் பழையபடி காயிலுக்கு வந்துவிடுகிறது. சுற்றுமே தவிர தீராது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை.

ரோட்டில் ஓடும்போது ஜில்லென்று வீசி, ரயில்வே கேட்டில் நின்றதும் அனல் அடிக்கிறதா? கண்டென்சர் ஃபேன் சுற்றவில்லை. அல்லது, திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னாலேயே ஓடி ஓடி, கண்டென்சரில் தோகையும் புழுதியும் அப்பிக்கிடக்கும். மாமாவைக் கேட்டால், கேஸ் கம்மி. அரை மணி நேரம் நன்றாக வந்து, பிறகு காற்றே குறைந்து, கொஞ்சம் நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடி வருகிறதா? காயிலில் ஐஸ் கட்டுகிறது, தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். அதற்கும் கேஸ் கம்மி. ஒரு வண்டியில் ஹீட்டர் வால்வின் கேபிள் துருவேறி, முழுசாக மூடாமல், இன்ஜின் வெந்நீர் டாஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிய அந்த மனுஷனுக்கும் மாமா எழுதிக்கொடுத்த மருந்து கேஸ்தான். அவர் பேச்சைக் கேட்டு அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. அப்படி ஏற்றினால் பிரஷர் எகிறும், கூலிங் இன்னும் குறையும், கம்ப்ரெசர் கட்டாகும். மாமா அசரமாட்டார். "பத்தல போல."

திருத்தணி ரோட்டில் ஒரு ஏ.சி. மெக்கானிக் இருக்கிறார். அதிகம் பேசாதவர். டார்ச் அடித்து ஜாயிண்ட் ஜாயிண்டாகப் பார்ப்பார். கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரெசர் ஆயிலும் கூடவே கசியும். அதில் புழுதி ஒட்டி, காசளவுக்குக் கறுப்பாக ஒரு திட்டு விழுந்திருக்கும். ஒருமுறை அப்படி ஒரு காரில் நைட்ரஜன் ஏற்றி, அந்தத் திட்டின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். கடுகளவில் ஒரு குமிழி எழும்பியது, உடைந்தது, திரும்ப எழும்பியது. கழற்றிய ஓ-ரிங்கை லேசாக வளைத்தார், உள்ளங்கையிலேயே பொடிந்தது. புது ஓ-ரிங், புது ட்ரையர் போட்டு, உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போக வெகுநேரம் வேக்கம் அடித்து, அதற்கப்புறம்தான் தராசில் நிறுத்துக் கேஸ் விட்டார். இவ்வளவு நேரமும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மாமா, சிலிண்டரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நான் சொல்லல நைனா? கேஸ்தான்!"

பழைய ஆர்-12 கேஸ் என்றால் அவருக்கு உயிர். "அது கேஸு! இது காத்து" என்பார். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது, ஆர்-12 வழக்கொழிந்தது. "ஓசோனு மேல எங்கியோ கீது. நாம கீழதான வேகுறோம்?" என்று கேட்கிறவரிடம் உலக நாடுகள் என்ன பதில் சொல்லும்?

மாமாவிடமும் ஒரு மாருதி 800 இருக்கிறது, ஏ.சி. மாடல். கிருத்திகைக்குக் கிருத்திகை குடும்பத்தோடு திருத்தணி மலைக்குப் போவார், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு. மலையேற்றத்தில் அந்த 796 சிசி இன்ஜின் ஏ.சி.யையும் சேர்த்து இழுக்கத் திணறும், நியாயம்தான். சமதரையிலும் போடமாட்டார். போட்டால் கேஸ் தீர்ந்துவிடுமே! அவசரத்துக்கு வேண்டாமா? என்ன அவசரம் என்று அத்தைக்கு இதுவரை தெரியாது.

இப்படிச் சேர்த்துவைத்த கேஸ் ஒரு வருஷம் முழுசாகக் காணாமல் போயிருந்தது. மெக்கானிக் அன்றைக்குத்தான் வாய் திறந்தார்: "கம்ப்ரெசர் ஷாஃப்ட் சீல் காஞ்சுபோச்சுங்கய்யா. ஓடுனாத்தான் ஆயில் சுத்தும், சீல் ஈரமா இருக்கும். சும்மா வெச்சதாலதான் லீக்காயிருக்கு. வாரத்துல ஒரு நாள் பத்து நிமிஷமாவது போடுங்க."

மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சீல் மாற்றி, கேஸ் நிரப்பி, பேரம் பேசிப் பணம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். ரோடு திரும்புவதற்குள் அத்தை ஏ.சி. பட்டன் பக்கம் கையை நீட்டினார்.

"கைய எடு! இப்பதான ரொப்பிகீது!"