பத்தொன்பதாம் நம்பர் ஸ்டிக்கர்

கப்பல் சுற்றுலாக்காரரை ஊருக்குள் கண்டுபிடிக்க அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நெஞ்சில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர், அதில் பேருந்து எண். முதுகில் தொங்க வேண்டிய பை வயிற்றில் தொங்கும், பிக்பாக்கெட் பயம். பைக்குள் காலை பஃபேயில் டிஷ்யூவில் சுற்றி எடுத்த இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். கப்பலில் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. கரையில் ஒரு காபி குடித்தாலும் அது தண்டச் செலவுதான்.

பார்சலோனாவில் என்னோடு இறங்கிய பெரியவர் இந்த வகையில் நன்றாகப் பழுத்தவர். மனைவியோடு வந்திருந்தார். இது தன் பதினான்காவது கப்பல் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். எந்தெந்த ஊரெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெயர்கள் கொஞ்சம் தடுமாறின. எந்தக் கப்பலில் எத்தனை மணிக்கு ஐஸ்கிரீம் வைப்பார்கள் என்பது மட்டும் பிசகாமல் வந்தது.

வழிகாட்டிப் பெண் 19 என்று எழுதிய மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். எங்கள் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி, காதில் ஒயர். அவர் எங்கே நின்று பேசினாலும் நம் காதுக்குள் கேட்கும். வில்லங்கமே அதில்தான். அவர் அங்கே ஒரு பழைய அரண்மனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், நாம் இங்கே ஒரு செருப்புக் கடை வாசலில் நிற்போம். பெரியவர் பக்தியோடு அந்தச் செருப்புக் கடையை இரண்டு படம் எடுத்துக்கொண்டார்.

லா ராம்ப்லா வீதி கடலைத் தொடுகிற இடத்தில் கொலம்பஸ் தூண் நிற்கிறது. 1888 உலகப் பொருட்காட்சிக்காக எழுப்பியது, உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். உச்சியில் நிற்கிறவர் விரல் நீட்டிக் காட்டுவது மத்தியதரைக் கடலை. அமெரிக்கா இருப்பதோ மேற்கே. பெரியவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்து, "தப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். இந்தியாவுக்குக் கிளம்பி எங்கேயோ போய் இறங்கிய மனிதர். விரல் மட்டும் சரியாக இருக்க வேண்டுமென்றால் எப்படி?

சாக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். 1882இல் தொடங்கிய கட்டடம். மொத்தத்தையும் வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு எட்டு வினாடி. உள்ளே போகத் தனி டிக்கெட், எங்களிடம் அது இல்லை. வெளியிலிருந்தே அண்ணாந்து பார்த்தோம். கட்டடக்கலைஞர் கௌடி 43 ஆண்டு இதிலேயே கிடந்து, 1926இல் டிராம் மோதி இறந்தார். கசங்கிய உடையில் கிடந்ததால் பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்களாம். வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லிக் குரல் தழுதழுத்தபோது, பெரியவர் கையைத் தூக்கி, பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கும் அதே அவசரம்தான். கழிப்பறைக்காகக் காபிக் கடைக்குள் நுழைந்தால் காபி வாங்க வேண்டும். அந்தக் காபி அடுத்த முக்கால் மணி நேரத்தில் இன்னொரு காபிக் கடைக்குள் தள்ளும். அன்று நான் நாலு காபி குடித்தேன்.

ராம்ப்லாவில் திரும்பி நடக்கையில் தோளோடு தோள் உரசியது. "எங்கேயிருந்துதான் இவ்வளவு கூட்டம் வருதோ!" என்று பெரியவர் அலுத்துக்கொண்டார். ஐயாயிரம் பேர் வந்த கப்பலில் நாங்களும் வந்திருந்தோம். 2024 ஜூலையில் இந்த ஊர்க்காரர்கள் ஊர்வலம் போய், ஓட்டல் மேசைகளில் உட்கார்ந்திருந்த சுற்றுலாக்காரர்கள்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். அடுத்த வருஷம், பயணிகள் கப்பல்களுக்கான ஏழு முனையங்களை ஐந்தாகக் குறைப்பதென்று நகராட்சியும் துறைமுகமும் ஒப்பந்தம் போட்டன. அதைச் சொன்னேன். "நல்ல விஷயம், கூட்டம் குறையும்" என்றார்.

கடைசியாகப் பழைய ஊரின் பேராலயம். அதன் உள்முற்றத்தில் வெள்ளை வாத்துகள் வளர்க்கிறார்கள். பதின்மூன்று வயதில் உயிரைக் கொடுத்த புனித யூலாலியாவின் நினைவாகப் பதின்மூன்று வாத்துகள். காலையிலிருந்து எதிலும் ஒட்டாத பெரியவர் இங்கே ஒட்டிக்கொண்டார். கம்பி வேலியைப் பிடித்தபடி விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். மனைவியை எண்ணச் சொன்னார், என்னை எண்ணச் சொன்னார். வாத்துகள் ஒரு இடத்தில் நின்றால்தானே? எனக்கு ஒரு முறை பதினொன்று வந்தது, ஒரு முறை பதினான்கு. காதுக்குள் வழிகாட்டிப் பெண்ணின் குரல் கரகரவென்று தேய்ந்து நின்றேபோனது. மட்டை எந்தச் சந்தில் திரும்பியதோ!

"போகலாம் வாங்க, கப்பலை விட்டுடுவோம்" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தார்.

கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே மேல்தளத்தில் ஜூஸோடு உட்கார்ந்துவிட்டார். கடைசி நிமிடத்தில் பை குலுங்க ஓடி வருகிறவர்களைப் பார்த்துக் கைதட்டுவது இந்த வகையினரின் மாலை வழிபாடு. அன்று ஒரு ஜோடி இரண்டு கையிலும் கடைப் பைகளோடு ஓடி வந்தது. ஐந்து தளங்களில் கைதட்டல். பெரியவர் மட்டும் தட்டவில்லை. போனில் எதையோ பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டில் என் மேசையைத் தேடி வந்தார். கோட்டு போட்டிருந்தார். அதன் மேலும் 19 ஒட்டியிருந்தது. எப்படி மாறியது என்று தெரியவில்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். திரை முழுக்க அவர் மனைவியின் காது. காதுக்குப் பின்னால் ஒரு தூண், தூணுக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது.

"அலகு" என்றார். "பதின்மூணாவது."