‘இதை யார் சார் செஞ்சது?’: குழாய்ப்பூசல் பற்றி ஓர் ஆய்வு

வீட்டுக்காரருக்கும் பிளம்பருக்கும் நிகழும் பூசலை இதுகாறும் அறிஞர் எவரும் ஆராய்ந்திலர். (தேடிப் பார்க்கவில்லை. தேடாமலே இப்படி எழுதுவதுதான் ஆய்வு மரபு.)

இப்பூசலுக்கு முதற்பொருள், குளியலறையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும். கருப்பொருள், டெஃப்ளான் டேப், எம்சீல், ஹேக்ஸா பிளேடு, உடைந்த டைல்ஸ். உரிப்பொருள், இரங்கலும் இரங்கல் நிமித்தமும்.

காலப்பூசல்: ‘வந்துட்டே இருக்கேன் சார்.’ இதற்கு உரை தேவையில்லை.

அளவுப்பூசல்: பில்லில் ‘அரை இஞ்சு பைப்’ என்றிருக்கும். வீட்டுக்காரர் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து வருவார். அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பை வெளிப்புறம் அளந்தாலோ 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், சி.பி.வி.சி. என்றால் 16-க்குச் சற்றுக் கீழ். ஏமாற்று வேலை என்று அவர் குதிப்பார். பிளம்பர் பக்கமே நியாயம். அந்த ‘அரை’ வெளிவிட்டத்தைக் குறிப்பதே இல்லை. ஆனால் அவர் அதை விளக்குவதில்லை. ‘கம்பெனிக்காரனே அப்படித்தான் போடுறான்’ என்று சொல்லிவிட்டு அறுக்கத் தொடங்கிவிடுகிறார்.

முன்னோர்ப்பூசல்: இதுவே தலையாயது. பிளம்பர் வாஷ்பேசினுக்கு அடியில் குந்துவார். செல்போன் டார்ச்சை அடிப்பார். ‘த்ச்’ என்பார். பிறகு, ‘இதை யார் சார் செஞ்சது? டேப்பை எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கான் பாருங்க. முறுக்க முறுக்கப் பிரிஞ்சுதான வரும்?’

முன்னோரைச் சாடாமல் எந்தக் குழாயும் திறக்கப்படுவதில்லை. இது நம் உரைமரபுக்கும் புதிதன்று. சேனாவரையர் இளம்பூரணரை மறுத்தார். காரணம் காட்டி மறுத்தார். இக்கால ஆய்வேடு முதல் இயலில் முன்னோரையெல்லாம் ‘பொருந்தாது’ என்று தள்ளிவிட்டு, இரண்டாம் இயல் தொட்டு அவர்களையே படியெடுக்கிறது. பிளம்பர் அப்படிப்பட்டவர் அல்லர். முன்னவர் சுற்றிய டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டுத்தான் தம்முடையதைச் சுற்றுகிறார்.

முன்னவரும் இன்னவரும் ஒருவரே ஆகுமிடத்தில்தான் சிக்கல்.

‘போன தீபாவளிக்கு நீங்கதானேப்பா மாட்டுனீங்க?’

‘அன்னிக்கு நம்ம பையன் வந்தான் சார்.’

யார் இந்தப் பையன்? பிளம்பரின் அக்காள் மகன் என்பது மாடிவீட்டுக் கொள்கை (காண்க: காலண்டரில் அமாவாசைக்குக் கீழே பென்சிலில் எழுதிய அட்வான்ஸ் கணக்கு). அப்படி ஒருவன் இல்லை, இடைச்செருகல் என்பது கீழ்வீட்டுக் கொள்கை (காண்க: ஹார்டுவேர் கடை பில், மூன்றாம் வரி, ஈரத்தில் அழிந்தது). ஸ்பேனரைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்ற பையன், ‘நான் அப்ப எலெக்ட்ரீசியன்கிட்ட இருந்தேன்ணே’ என்றதாக ஒரு பாடபேதமும் உண்டு (காண்க: வீட்டுக்கார அம்மா எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லி, அவர் இஸ்திரிக்காரரிடம் சொல்லி, அவர் துணியோடு சேர்த்து எமக்கு அளித்த வாய்மொழி, முதற்பகுதி பிரஷர் குக்கர் விசிலில் சிதைந்துள்ளது). பிளம்பர் அவனை முறைத்த முறைப்புக்கு மட்டும் எல்லாப் பிரதிகளிலும் ஒரே பாடம்.

கூலிப்பூசல்: ‘பாத்துக் குடுங்க சார்.’ பார்த்துக் கொடுத்ததும், ‘என்ன சார் இது?’

கசிவு நின்றதா என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அறிய விரும்புவோர் கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்துக்கொள்க.